செயற்கை நுண்ணறிவு வந்தபின் விளம்பர எழுத்தாளருக்கு வேலை இருக்குமா?

(தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் பயிலும் மாணவர்களுக்கான விளக்கக் கட்டுரை)



விளம்பரம் பற்றிக் கற்கும்போது இன்று தவிர்க்க முடியாத வினா ஒன்று எழுகின்றது. கேட்ட மாத்திரத்திலேயே கடிதமும் கட்டுரையும் விளம்பரமும் எழுதித் தரும் கணினிக் கருவிகள் வந்துவிட்டன. அப்படியாயின், எழுதுவதையே தொழிலாகக் கொண்டவர்களின் நிலை என்ன?

கலைப்பிரிவில் பயிலும் மாணவருக்கு இது பரீட்சை வினா மட்டுமன்று, வாழ்க்கை வினாவுமாகும். "கைத்தொலைபேசியே எழுதித் தரும்போது நாங்கள் ஏன் எழுதிப் பழக வேண்டும்?" என்று தீவுப்பகுதி வகுப்புகளிலும் மாணவர் கேட்கின்றனர். கேள்வி நியாயமானது. அதற்குரிய விடையும் நியாயமானதாக இருக்க வேண்டும். "இயந்திரத்தால் ஒருபோதும் முடியாது" என்பதும், "எல்லாம் முடிந்துவிட்டது" என்பதும் ஆராயாமற் சொல்லும் விடைகளாகும்.

இக்கட்டுரையைக் கற்றபின் நீங்கள்,

• விளம்பர எழுத்தாளரின் பணியிலுள்ள படிகளை விளக்குவீர்கள்.
• செயற்கை நுண்ணறிவுக் கருவி எவ்வாறு எழுதுகின்றது என்பதை எளிமையாகக் கூறுவீர்கள்.
• இரு பக்க வாதங்களையும் உதாரணங்களுடன் எடுத்துக் காட்டுவீர்கள்.
• உங்கள் முடிவைக் காரணத்துடன் எழுதுவீர்கள்.

1. விளம்பர எழுத்து என்றால் என்ன?

ஒரு பொருளை அல்லது சேவையைப் பற்றி, அதனைப் பெறக்கூடியவரின் மனத்திற் படும்படி எழுதப்படும் வாசகம் விளம்பர வாசகம் எனப்படும். அதனை எழுதுபவர் விளம்பர எழுத்தாளர். கொழும்பிலுள்ள விளம்பர நிறுவனங்களில் இவரைக் 'கொப்பி றைற்றர்' என்றே அழைப்பர். பத்திரிகை விளம்பரம், வானொலி விளம்பரம், பொதியின் மேலுள்ள வாசகம், துண்டுப்பிரசுரம், இணையத்தளத்திற் பொருள் பற்றிய விவரம் ஆகியன இவரது பணிக்குள் அடங்கும்.

இவரது பணியில் மூன்று படிகள் உள்ளன.

(அ) அறிதல்: பொருளைப் பற்றியும் வாங்குபவரைப் பற்றியும் கேட்டு, பார்த்து, விசாரித்து அறிதல்.

(ஆ) எழுதுதல்: அறிந்தவற்றுள் வேண்டியதைத் தெரிந்து சொற்களில் அமைத்தல்.

(இ) பொறுப்பேற்றல்: எழுதியது உண்மையா, பொருத்தமானதா, யாரையேனும் புண்படுத்துமா எனச் சரிபார்த்து, "இது சரி" என ஒப்புக் கொடுத்தல்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டாவது படி மட்டுமே தெரியும். எனவேதான், "இயந்திரம் எழுதுகின்றது; எழுத்தாளர் தேவையில்லை" என்ற முடிவுக்குப் பலர் விரைவில் வந்துவிடுகின்றனர். நாம் கேட்க வேண்டிய வினா வேறு: இந்த மூன்று படிகளுள் எதனை இயந்திரம் செய்கின்றது?

2. அச்சகம் தரும் பாடம்

யாழ்ப்பாணத்தின் அச்சு மரபு நீண்டது. உதயதாரகை 1841இல் வெளிவரத் தொடங்கியது. பிற்காலத்தில் ஈழநாடு 1959இலும், உதயன் 1985இலும் தோன்றின. ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கும் அச்சுக்கோப்பாளர் அக்கால அச்சகங்களின் உயிர்நாடியாக விளங்கினார். கணினி வந்ததும் அத்தொழில் மறைந்தது. அதிற் கைதேர்ந்தவர்கள் பலர் வேறு வேலை தேட நேர்ந்தது. இதனை மறைத்துச் சொல்லுதல் முறையன்று.

ஆனால் அச்சுக்கு முன் பிரதியைப் படித்துப் பிழை பார்க்கும் ஒப்புநோக்குநரின் தேவை மறையவில்லை. எழுத்தை அடுக்குவது இலகுவானதும் அச்சாகும் பக்கங்கள் பெருகின. பக்கங்கள் பெருகியதும் பிழைகளுக்கான இடமும் பெருகியது. புதிய கருவி தொழில் முழுவதையும் ஒரே அடியாகக் கொண்டு போவதில்லை. தொழிலுக்குள் இருக்கும் ஒரு படியைக் கொண்டு போகின்றது. மற்றப் படிகளின் பாரத்தைக் கூட்டுகின்றது.

3. இயந்திரம் எவ்வாறு எழுதுகின்றது?

2017இல் கூகுள் ஆய்வாளர் எண்மர் 'ட்ரான்ஸ்போமர்' எனப்படும் அமைப்பை அறிமுகம் செய்தனர். இன்றைய எழுத்துக் கருவிகள் பெரும்பாலும் அதன் வழிவந்தவை. ஓப்பன் ஏ.ஐ. நிறுவனத்தின் சட்ஜிபிடி, 2022 நவம்பர் 30ஆம் திகதி பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

இக்கருவிக்கு மிகப் பெருந்தொகையான எழுத்துகள் ஊட்டப்படுகின்றன. எந்தச் சொற்களுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்பதை அது அவற்றிலிருந்து பழகுகின்றது. நாம் ஒன்றைக் கேட்டதும், பொருந்தக்கூடிய அடுத்த துண்டு, அதற்கடுத்த துண்டு என ஒவ்வொன்றாகச் சேர்த்து விடையை அமைக்கின்றது. பலமுறை எழுதப்பட்ட வடிவங்களை அது நன்கு எழுதும். அரிதாக எழுதப்பட்டவற்றில் தடுமாறும். தெரியாத இடத்திலும் பல வேளைகளில் வசனம் தடையின்றி ஓடும். அதனாலேயே பிழை எளிதிற் கண்ணிற் படுவதில்லை.

தமிழைப் பொறுத்தவரை இன்னொன்றும் உண்டு. இணையத்தில் ஆங்கில எழுத்துடன் ஒப்பிடுகையிற் தமிழ் எழுத்து மிகக் குறைவு. அதிலும் இலங்கைத் தமிழ் எழுத்து தமிழ்நாட்டு எழுத்தை விடக் குறைவு. இதன் விளைவைப் பின்னர் காண்போம்.

4. "இயந்திரமே போதும்" என்போர் காட்டும் சான்றுகள்

(அ) வேகம்: சீனாவின் அலிபாபா நிறுவனம் 2018இல் விளம்பர வாசகம் எழுதும் கருவியொன்றை அறிமுகம் செய்தது. ஒரு செக்கனில் 20,000 வரிகளை அது ஆக்கும் என அந்நிறுவனம் அறிவித்தது. மனிதர் இவ்விடத்திற் போட்டியிட முடியாது.

(ஆ) பயன்: அமெரிக்காவின் ஜே.பி. மோர்கன் சேஸ் வங்கி, பேர்சாடோ என்னும் நிறுவனத்தின் இயந்திர வாசகங்களைப் பரீட்சித்துப் பார்த்து, 2019இல் அதனுடன் ஐந்தாண்டு உடன்பாடு செய்தது. பரீட்சார்த்த விளம்பரங்கள் சிலவற்றில், மனிதர் எழுதியதை விட இயந்திரம் தந்த வாசகத்தையே கூடுதலானோர் அழுத்திப் பார்த்தனர்.

(இ) தரம்: அமெரிக்காவின் மாசசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவக ஆய்வாளர் இருவரின் ஆய்வொன்று 2023இல் 'சயன்ஸ்' இதழில் வெளியாகியது. பட்டதாரித் தொழிலாளர் 453 பேருக்கு எழுத்து வேலைகள் கொடுக்கப்பட்டன. கருவியைப் பயன்படுத்தியவர்களுக்கு நேரம் 40 வீதத்தால் குறைந்தது. எழுத்தின் தரம் 18 வீதத்தால் உயர்ந்தது. எழுத்தில் வல்லவருக்கும் மெலிந்தவருக்கும் இடையிலிருந்த இடைவெளியும் குறுகியது.

இச்சான்றுகள் வலுவானவை. பரீட்சை விடையில் இவற்றை மறைக்கக் கூடாது. எனினும், இவை அனைத்தும் எழுதுதல் என்ற இரண்டாவது படி பற்றியவை என்பதைக் கவனியுங்கள். இன்னுமொன்று: வங்கிக்குப் பெருந்தொகையான வாடிக்கையாளர் உண்டு, இரண்டு வாசகங்களையும் அனுப்பி எது வென்றது என எண்ணிப் பார்க்கலாம். ஊர்காவற்றுறையில் ஒரு சிறு கடை வைத்திருப்பவர் அப்படி எண்ணிப் பார்க்க முடியாது. அவரது விளம்பரம் முதல் தடவையிலேயே சரியாக இருக்க வேண்டும்.

5. "மனிதர் வேண்டும்" என்போர் காட்டும் சான்றுகள்

(அ) உண்மைத் தன்மை

அமெரிக்காவின் சிநெற் என்னும் தொழினுட்பச் செய்தித்தளம், கருவியைக் கொண்டு எழுதிய 77 நிதி விளக்கக் கட்டுரைகளை வெளியிட்டது. 2023 ஜனவரியில் வட்டிக் கணக்கு முதலானவற்றிற் பிழைகள் வெளிப்பட்டன. 41 கட்டுரைகளுக்குத் திருத்தம் போட நேர்ந்தது. வசனங்கள் வாசிப்பதற்கு ஒழுங்காகவே இருந்தன, கணக்குத்தான் பிழை.

(ஆ) வட்டார வழக்கு

'பேசுதல்' என்பது தமிழ்நாட்டில் உரையாடுதல். யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கிலோ, "அம்மா பேசுவா" என்றால் அம்மா ஏசுவா என்பதே பொருள். நாம் உரையாடுவதைக் 'கதைத்தல்' என்போம். "எந்நேரமும் எங்களிடம் பேசுங்கள்" என்று யாழ்ப்பாணக் கடையொன்று விளம்பரம் செய்தால், வாசிப்பவர் சிரித்துவிட்டுப் போவார். "எந்நேரமும் எங்களோடு கதைக்கலாம்" என்றால் நம்மவர் ஒருவர் அழைப்பது போலிருக்கும். அவ்வாறே பரீட்சையும் புள்ளியும் அங்கே தேர்வும் மதிப்பெண்ணும் ஆகும். கருவி படித்த தமிழிற் பெரும்பகுதி தமிழ்நாட்டுத் தமிழ் என்பதால், தனித்துக் கேட்காவிடின் அது பெரும்பாலும் அந்த வழக்கிலேயே எழுதும். இலக்கணப் பிழை எதுவும் இராது. ஆனால் இவ்வூர் எழுத்தாகவும் இராது.

(இ) பொறுப்பு

எயார் கனடா விமான சேவையின் இணையத்தளத்தில் உரையாடற் கருவியொன்று இருந்தது. 2022இல், பாட்டியாரை இழந்த ஒருவர் மரண வீட்டுக்குச் செல்வோருக்கான சலுகைக் கட்டணம் பற்றி அதனிடம் கேட்டார். பயணத்தின் பின்னரும் விண்ணப்பிக்கலாம் என அது பிழையாகக் கூறியது. அதை நம்பிச் சென்றவருக்குச் சலுகை மறுக்கப்பட்டது. கருவி சொன்னதற்குத் தான் பொறுப்பல்ல என்ற நிலையை நிறுவனம் எடுத்தது. பிரித்தானிய கொலம்பியா மாகாணத்தின் நியாய சபையொன்று 2024 பெப்ரவரியில் அதனை ஏற்க மறுத்து, நட்டஈடு கொடுக்கும்படி கட்டளையிட்டது. இயந்திரம் எழுதினாலும் பொறுப்பு அதனைப் பயன்படுத்தியவருக்கே உரியது என்பதை இது காட்டுகின்றது.

நமது நாட்டிலும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், வாங்குபவரைப் பிழையாக வழிநடத்தும் வணிக நடத்தையைத் தடை செய்கின்றது. "கருவிதான் அப்படி எழுதியது" என்று வியாபாரி தப்பித்துக்கொள்ள எண்ணக் கூடாது.

6. நம்மூர் உதாரணம்: மரண அறிவித்தல்

மரண அறிவித்தல் விளம்பரப் பகுதியில் வருவது. கட்டணம் செலுத்தி வெளியிடப்படுவது. எனவே இதுவும் விளம்பர எழுத்தின் ஒரு வகையே. புளியங்கூடல் போன்ற ஊர்களிற் பிறந்தவர்கள் இன்று கொழும்பிலும் கனடாவிலும் ஐரோப்பிய நாடுகளிலும் வாழ்கின்றனர். ஒருவரின் மறைவை அத்தனை பேருக்கும் தெரிவிப்பது இந்த அறிவித்தலே.

அதன் வடிவம் உங்களுக்குத் தெரிந்ததே. "இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட" என்று தொடங்கும். பெற்றோர், துணைவர், பிள்ளைகள், மருமக்கள், சகோதரர், மைத்துனர், பேரப்பிள்ளைகள் என உறவுமுறை வரிசையாக வரும். ஈமக்கிரியை நடைபெறும் நாளும் இடமும் கூறி, உற்றார் உறவினர் நண்பர்கள் அறிவித்தலை ஏற்றுக்கொள்ளும்படி கேட்டு முடியும். இவ்வளவு உறுதியான வடிவம் வேறெந்த விளம்பரத்துக்கும் இல்லை. பெயர்களைக் கொடுத்தால் கருவி இதனை ஒரு நிமிடத்துக்குள் எழுதித் தரும்.

அப்படியானால் எங்கே சிக்கல்? 'காலஞ்சென்ற' என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். இறந்துவிட்ட உறவினரின் பெயருக்கு முன் அது வர வேண்டும். உயிரோடிருக்கும் பெரியதாயாரின் பெயருக்கு முன் அது தவறுதலாக விழுந்தால் என்ன நடக்கும்? வசனத்தில் எழுத்துப் பிழை இல்லை. இலக்கணப் பிழை இல்லை. ஆனாற் குடும்பத்துக்கு அது தாங்க முடியாத பிழை. வெளிநாட்டிலிருந்து பெயர்ப்பட்டியல் அவசரமாக வரும்போது ஒரு மருமகனின் பெயர் விடுபட்டால், அந்த மனவருத்தம் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். யாருடைய பெயர் முதலில் வர வேண்டும், பிரிந்து வாழும் துணையின் பெயரைப் போடுவதா, வீட்டுப் பெயரால் அழைக்கப்பட்டவரை எவ்வாறு குறிப்பிடுவது என்பன எந்தக் கணினியிலும் பதிவாகியிருப்பவை அல்ல. அவை அந்த வீட்டில் உள்ளவர்களுக்கே தெரிந்தவை. திண்ணையில் இருந்து ஒவ்வொன்றாகக் கேட்டு, எழுதியதைப் பெரியவர் ஒருவருக்கு வாசித்துக் காட்டி, "சரி" என்ற சொல்லைப் பெற்ற பின்னரே அறிவித்தல் பத்திரிகைக்குப் போக வேண்டும்.

வடிவத்தை இயந்திரம் எழுதலாம். விசாரிப்பதும் வாசித்துக் காட்டுவதும் மனிதரின் வேலை. முன்னர் கூறிய அறிதலும் பொறுப்பேற்றலும் இவையே.

இயந்திரம் இல்லாத காலத்திலும் இப்படி நேர்ந்ததுண்டு. இலங்கையில் பேருந்து ஆசனத்தின் மேல் 'கர்ப்பிணித் தாய்மார்' என்றிருக்க வேண்டிய இடத்திற் 'தா' என்பது 'நா' ஆகி, 'நாய்மார்' என எழுதப்பட்ட அறிவித்தலொன்று ஊடகங்களிற் பெரிதும் சுட்டிக்காட்டப்பட்டது. தமிழ் தெரிந்த ஒருவர் அச்சுக்கு முன் ஒரு தடவை வாசித்திருந்தால் தாய்மாருக்கு அந்த அவமதிப்பு நேர்ந்திராது. வாசிப்பவர் இல்லாதபோது, எழுதியது யாராக இருந்தாலும் விளைவு ஒன்றே.

7. செயன்முறை: புழுக்கொடியல் விளம்பரம்

பின்வரும் இரு வாசகங்களையும் ஒப்பிடுக. இரண்டும் விளக்கத்துக்காக எழுதப்பட்ட மாதிரிகள்.

வாசகம் 1: "இயற்கையின் அருங்கொடை! சுவையும் ஆரோக்கியமும் நிறைந்த எங்கள் பனை உற்பத்திகளை இன்றே வாங்கிப் பயன் பெறுங்கள்!"

வாசகம் 2: "தை மாதம் கிண்டிய பனங்கிழங்கு. அவித்து, பிளந்து, முற்றத்து வெயிலிற் காயவைத்த புழுக்கொடியல். பல்லுக்குக் கொஞ்சம் வேலை. வாய்க்கு நல்ல உருசி. தேங்காய்ச் சொட்டும் சேர்த்தால் பின்னேரத் தேநீருக்கு வேறொன்றும் வேண்டாம்."

முதலாவதிற் 'பனை' என்பதை எடுத்துவிட்டுத் 'தேன்' என்று போட்டாலும் வாசகம் மாறாது. எதற்கும் பொருந்தும் வாசகம் எதையும் விற்காது. இரண்டாவதில் ஒரு சொல்லை மாற்றினாலும் பொருள் கெடும். அவிக்காமற் காயவைத்தால் அது ஒடியல்; அதை இடித்து மாவாக்கிக் கூழுக்கும் பிட்டுக்கும் எடுப்பர். இவ்வேறுபாட்டை அறியாதவர் இந்த விளம்பரத்தை எழுத இயலாது.

இங்கு ஒரு நுட்பமான விடயம் உண்டு. இரண்டாவது வாசகத்திலுள்ள விவரங்களைக் கருவிக்குக் கொடுத்தால், அதுவும் ஓரளவு நல்ல வாசகத்தைத் தந்துவிடும். எனவே வேறுபாடு எழுதியவர் மனிதரா இயந்திரமா என்பதில் மட்டும் இல்லை. "எப்போது கிண்டியது? அவித்ததா? யார் காயவைத்தது? எத்தனை நாள் வைத்திருக்கலாம்? யார் வாங்குகிறார்கள்?" என்று உற்பத்தி செய்யும் பெண்ணிடம் போய்க் கேட்டவர் இருக்கிறாரா என்பதிலேயே வேறுபாடு இருக்கின்றது.

8. யாருடைய வேலை குறையும்?

வேலை குறையவே குறையாது எனக் கூற முடியாது. இணையவழி வேலைச்சந்தை ஒன்றை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வொன்று 2023இல் வெளிவந்தது. சட்ஜிபிடி வந்த சில மாதங்களுக்குள், எழுத்து சார்ந்த பணிகளைச் செய்வோருக்குக் கிடைத்த வேலைகள் ஏறக்குறைய 2 வீதத்தாலும், மாத வருமானம் ஏறக்குறைய 5 வீதத்தாலும் குறைந்ததை அது காட்டியது. ஒரே வகையான பொருள் விவரங்களை நூற்றுக்கணக்கில் எழுதுவது, வாழ்த்து வாசகங்கள், வடிவம் மாறாத அறிவித்தல்கள் ஆகியன முதலில் இயந்திரத்திடம் செல்லும்.

கவலைக்குரிய விடயம் யாதெனில், புதிதாகத் தொழிலுக்கு வருபவர் பழகுவது இத்தகைய சிறு வேலைகளிலேதான். ஏணியின் முதற்படியை எடுத்துவிட்டு, மேற்படியில் ஆள் வேண்டும் என்றால் எங்கிருந்து வருவர்? இதற்கு நிறுவனங்களும் அரசும் விடை காண வேண்டும். அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர் சங்கம் 2023 மே 2 முதல் செப்டெம்பர் 27 வரை 148 நாட்கள் வேலை நிறுத்தம் செய்து, செயற்கை நுண்ணறிவின் பயன்பாட்டுக்கு எல்லை வகுக்கும் விதிகளை உடன்படிக்கையிற் சேர்த்தது. தனியாக வேலை செய்யும் விளம்பர எழுத்தாளர்களுக்கு அத்தகைய சங்கப் பலம் பெரும்பாலும் இல்லை.

9. முடிவுரை

எழுதும் வேலையின் ஒரு பகுதியை இயந்திரம் எடுத்துக்கொண்டுவிட்டது, இன்னும் எடுக்கும். வடிவத்தை மட்டும் எழுதத் தெரிந்தவரின் இடம் சுருங்கும். கேட்டு அறியவும், எழுதியதற்குப் பெயர் சொல்லிப் பொறுப்பேற்கவும் தெரிந்தவரின் தேவை நிலைக்கும்.

இதனாலேயே மாணவர் எழுதிப் பழகுவதை நிறுத்தக் கூடாது. எழுதிப் பழகாதவருக்குப் பிழையைக் காணும் கண் வராது. 'காலஞ்சென்ற' தவறான இடத்தில் நிற்பதைக் காண்பவர், அந்தச் சொல்லைத் தாமே பலமுறை சரியான இடத்தில் வைத்தவர்தான். மேலும், நமது ஊர்களின் பேச்சும் தொழிலும் உணவும் தமிழில் எழுதப்பட்டால்தான் கருவிகளும் அவற்றைப் படித்துக்கொள்ளும். நாம் எழுதாமல் விட்டால், நமது ஊரைப் பற்றியும் பிறர் வழக்கிலேயே வாசிக்க வேண்டியிருக்கும்.

நினைவிற் கொள்க

• விளம்பர எழுத்தின் படிகள்: அறிதல், எழுதுதல், பொறுப்பேற்றல்.
• இயந்திரத்தின் பலம்: வேகம், வடிவம், மொழி ஒழுங்கு.
• இயந்திரத்தின் குறை: உண்மைத் தன்மை, வட்டார வழக்கு, பொறுப்பேற்க இயலாமை.
• எயார் கனடா வழக்கு (2024): கருவியின் கூற்றுக்கு அதனைப் பயன்படுத்திய நிறுவனமே பொறுப்பு.

பயிற்சி வினாக்கள்

1. விளம்பர எழுத்தாளரின் பணியிலுள்ள மூன்று படிகளையும் ஒவ்வோர் உதாரணத்துடன் விளக்குக.

2. செயற்கை நுண்ணறிவுக் கருவி இலங்கைத் தமிழ் வழக்கிற் குறைபாடு காட்டுவதற்கான காரணம் யாது?

3. உங்கள் ஊரில் உற்பத்தியாகும் ஒரு பொருளைத் தெரிந்து, அதனைச் செய்பவரிடம் கேட்க வேண்டிய ஐந்து வினாக்களை எழுதுக. விடைகளைப் பெற்று 40 சொற்களில் விளம்பர வாசகம் ஒன்றைத் தயாரிக்க.

4. "செயற்கை நுண்ணறிவு விளம்பர எழுத்தாளரை முற்றாக அகற்றிவிடும்." இக்கூற்றை ஆராய்க.

விடைக் குறிப்பு (வினா 4): கூற்றை உடனே ஏற்கவோ மறுக்கவோ வேண்டாம். முதலில் 'விளம்பர எழுத்து' என்பதை வரையறுக்க. பின்னர் கூற்றுக்குச் சார்பாக இரண்டு சான்றுகளையும், எதிராக இரண்டு சான்றுகளையும் ஆண்டுடன் தருக. நம் நாட்டு உதாரணம் ஒன்றையேனும் சேர்க்க. 'முற்றாக' என்ற சொல்லே இவ்வினாவின் திறவுகோல். ஒரு படி அகல்வதும் தொழில் முழுவதும் அகல்வதும் ஒன்றல்ல என்பதை முடிவுரையிற் காட்டுக.